வி.எஸ். கோட் மக்கர் பண்ணும்போது எங்கே பார்ப்பது: அறிகுறிவாரியாக ஒரு வழிகாட்டி

நிரல் எழுத உதவும் மைக்ரோசாஃப்ட்டின் எடிட்டரான வி.எஸ். கோடில் (விஷுவல் ஸ்டுடியோ கோட்) ஏதாவது ஓடவில்லை என்றால் பெரும்பாலோரின் கை முதலில் போவது அன்இன்ஸ்டாலுக்குத்தான். எடுத்துவிட்டு மறுபடி போடுவார்கள். அதே பிழை அதே இடத்தில் வந்து நிற்கும். வி.எஸ். கோட் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அது கம்ப்யூட்டரில் மூன்று இடங்களில் பிரிந்து கிடக்கிறது என்பதுதான் காரணம். விண்டோஸில் நிரல், உங்கள் பயனர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, லோக்கல், ப்ரோக்ராம்ஸ் என்ற வழியில் இருக்கும். செட்டிங்ஸ் ஆப்டேட்டா, ரோமிங், கோட் என்ற வழியில் இருக்கும். எக்ஸ்டென்ஷன்கள், அதாவது எடிட்டருக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் துணை நிரல்கள், பயனர் ஃபோல்டரிலேயே, பெயருக்கு முன்னால் புள்ளி வைத்த 'விஎஸ்கோட்' ஃபோல்டருக்குள் இருக்கும். அன்இன்ஸ்டால் செய்தால் போவது முதலாவது மட்டுமே. பிழையோ பெரும்பாலும் மற்ற இரண்டில் ஒன்றில் இருக்கும். அதுவும் இல்லையென்றால் நான்காவது இடத்தில், அதாவது வி.எஸ். கோடோடு வராத, நாமே தனியாகப் போட வேண்டிய கம்பைலரிலோ (எழுதிய கோடை ஓடும் நிரலாக மாற்றுவது) பைத்தானிலோ இருக்கும்.

எதையும் அழிப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தினால், கட்டளைகளைத் தேடி ஓட்டும் பெட்டியான கமாண்ட் பேலட் திறக்கும். மேக்கில் கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட். அதில் 'கிரியேட் எ டெம்பரரி ப்ரொஃபைல்' என்று தேடி ஓட்டுங்கள். எக்ஸ்டென்ஷன் எதுவும் இல்லாத, செட்டிங்ஸ் எதுவும் மாற்றாத ஒரு புதுச் சன்னல் கிடைக்கும். அங்கே பிழை வரவில்லை என்றால் கோளாறு உங்கள் செட்டிங்ஸிலோ எக்ஸ்டென்ஷனிலோதான். அங்கேயும் வந்தால் நிரலிலோ வெளியிலோ தேட வேண்டும். தேடும் பரப்பு பாதியாகக் குறைந்துவிடும். உங்கள் பழைய அமைப்பு எதுவும் கலையாது.

## இன்ஸ்டாலரே ஓட மறுக்கிறது

முதலில் ஐகானின் நிறத்தைப் பாருங்கள். ஊதா என்றால் நீங்கள் இறக்கியது விஷுவல் ஸ்டுடியோ. அது பல ஜிபி இடம் பிடிக்கும் வேறொரு மென்பொருள். நீலம்தான் வி.எஸ். கோட்.

கம்ப்யூட்டர் பழையது என்றால் பதிப்பு ஒத்துவராமல் இருக்கலாம். விண்டோஸ் 7-க்கு 1.70 வரிசையோடும், விண்டோஸ் 8, 8.1-க்கு 1.79-ஓடும், 32 பிட் விண்டோஸுக்கு 1.83-ஓடும் கதை முடிந்தது. அந்தப் பழைய பதிப்புகளைத் தேடி எடுத்துப் போட்டால் எடிட்டர் திறக்கும். ஆனால் இன்றைய எக்ஸ்டென்ஷன்கள் பலவும் அதில் ஏறாது. அந்த மெஷினில் லினக்ஸ் போட்டுக்கொள்வது இதைவிட நல்ல வழி என்பது என் கருத்து, மெஷின் 64 பிட்டாக இருக்கும்பட்சத்தில்.

அட்மின் பாஸ்வேர்ட் கேட்டு நின்றுவிட்டால், நீங்கள் இறக்கியது சிஸ்டம் இன்ஸ்டாலர். யூசர் இன்ஸ்டாலர் என்று இன்னொன்று உண்டு. அதற்கு அட்மின் உரிமை வேண்டாம். கல்லூரி ஆய்வகத்துக்கு நிறுவுபவர்கள் இதைத் தலைகீழாக யோசிக்க வேண்டும்: யூசர் இன்ஸ்டாலரில் போட்டால் போட்டவரின் கணக்கில் மட்டும்தான் வி.எஸ். கோட் தெரியும், மாணவர் தன் கணக்கில் நுழைந்தால் இருக்காது. பலர் மாறி மாறி உட்காரும் கம்ப்யூட்டருக்கு சிஸ்டம் இன்ஸ்டாலரே சரி.

## டெர்மினலில் 'கோட்' என்று அடித்தால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்கிறது

டெர்மினல் என்பது கட்டளைகளை எழுத்தாக அடிக்கும் சன்னல். அடித்த கட்டளையை எந்த ஃபோல்டர்களில் தேடுவது என்பதற்கான பட்டியல்தான் பாத். விண்டோஸில் இன்ஸ்டாலர் தன் இருப்பிடத்தை பாத் பட்டியலில் சேர்த்துவிடும். ஆனால் ஏற்கெனவே திறந்திருக்கும் டெர்மினலுக்கு அது தெரியாது. எந்த நிரலும் தான் தொடங்கிய கணத்தில் இருந்த பாத் பட்டியலையே கடைசிவரை வைத்திருக்கும். டெர்மினல் சன்னல்களை எல்லாம் மூடிவிட்டுப் புதிதாகத் திறந்தால் போதும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கம்பைலர் விஷயத்தில் இதே சங்கதி இன்னும் பெரிதாக வரும்.

மேக்கில் இது தானாகச் சேராது. கமாண்ட் பேலட்டில் 'ஷெல் கமாண்ட்' என்று தேடி, பாத்தில் கோட் கட்டளையை நிறுவும் வரியைத் தேர்ந்தெடுங்கள்.

## அப்டேட் ஆக மாட்டேன் என்கிறது

மேக்கில் முக்கால்வாசி நேரம் காரணம் ஒன்றுதான்: ஜிப்பைப் பிரித்து டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்தே ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். இணையத்திலிருந்து வந்த செயலியை அப்படி ஓட்டினால் மேக் அதை எழுத முடியாத ஒரு தற்காலிக இடத்தில் வைத்து ஓட்டுகிறது. எழுத முடியாத இடத்தில் அப்டேட் எப்படி ஏறும்? அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டருக்கு இழுத்துப் போட்டுவிட்டு அங்கிருந்து திறங்கள்.

விண்டோஸில் யூசர் இன்ஸ்டாலரில் போட்டதை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறந்தால் அப்டேட் நிறுத்தப்பட்டுவிடும். அதைச் சொல்லும் அறிவிப்பும் வரும். ஷார்ட்கட்டின் ப்ராப்பர்ட்டீஸில் அட்மின் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஃபைலை மாற்ற அனுமதி இல்லை என்ற செய்தி வந்தால் வேறு ஏதோ ஒரு நிரல் அந்த ஃபைலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆன்டிவைரஸோ, மூடாமல் விட்ட இன்னொரு வி.எஸ். கோட் சன்னலோ, அதே மெஷினில் லாக்-இன் ஆகியிருக்கும் இன்னொருவரோ காரணமாக இருக்கலாம். மெஷினை ரீஸ்டார்ட் செய்து, வேறெதையும் திறக்காமல், புது இன்ஸ்டாலரைப் பழையதன் மேலேயே ஓட்டுங்கள். முதலில் சொன்னபடி செட்டிங்ஸும் எக்ஸ்டென்ஷனும் வேறு இடத்தில் இருப்பதால் எதுவும் போகாது.

## திறந்தால் கறுப்புத் திரை, அல்லது வெறும் வெள்ளை

இது கிராஃபிக்ஸ் டிரைவரோடு வரும் தகராறு. வி.எஸ். கோட் எலக்ட்ரான் என்ற அடித்தளத்தின் மேல் கட்டப்பட்டது; உள்ளே ஓடுவது குரோமியம் பிரௌசர். திரையை வரையும் வேலையை அது கிராஃபிக்ஸ் சிப்பிடம் ஒப்படைக்கும். கமாண்ட் பேலட் தெரிகிறது என்றால் 'கான்ஃபிகர் ரன்டைம் ஆர்கியூமென்ட்ஸ்' என்பதை ஓட்டுங்கள். திறக்கும் ஃபைலில் ஹார்ட்வேர் ஆக்சிலரேஷனை (கிராஃபிக்ஸ் சிப்பிடம் வேலையை ஒப்படைப்பதை) நிறுத்தும் வரி, முன்னால் சாய்கோடுகள் போட்டு ஓடாத வரியாக வைக்கப்பட்டிருக்கும். அதன் முன்னாலுள்ள சாய்கோடுகளை அழித்து, மதிப்பு 'ட்ரூ' என்று இருப்பதை உறுதிசெய்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள். திரையே தெரியவில்லை என்றால் அந்த ஃபைல் எக்ஸ்டென்ஷன் இருக்கும் அதே புள்ளி வைத்த ஃபோல்டரில் 'ஆர்க்வி' என்ற பெயரில் இருக்கிறது. நோட்பேடில் திறந்து மாற்றலாம். டிரைவரை அப்டேட் செய்த பிறகு இந்த மாற்றத்தை எடுத்துவிடுங்கள்.

## எக்ஸ்டென்ஷன் பட்டியலே வரவில்லை, அல்லது இன்ஸ்டால் பாதியில் நிற்கிறது

முதலில் உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். அதில் வேலை செய்தால் கோளாறு வி.எஸ். கோடில் இல்லை, கல்லூரி அல்லது அலுவலக நெட்வொர்க்கில் இருக்கிறது. இனி செட்டிங்ஸைக் குடைய வேண்டாம்.

நெட்வொர்க் தடை இரண்டு விதமாக வரும். ஒன்று, ப்ராக்ஸி என்ற இடைநிலை சர்வர் வழியாகத்தான் வெளியே போக வேண்டும் என்ற ஏற்பாடு. செட்டிங்ஸில் 'ப்ராக்ஸி' என்று தேடினால் முகவரி கொடுக்க இடம் இருக்கும். இரண்டாவது கொஞ்சம் நுணுக்கமானது. நிறுவனத்தின் ஃபயர்வால் எல்லா இணைப்பையும் பிரித்துப் பார்த்து, தன் சொந்தச் சான்றிதழைப் போட்டு மறுபடி மூடி அனுப்பும். அப்போது 'செல்ஃப் சைன்ட் சர்டிஃபிகேட்' என்ற சொற்களோடு பிழை வரும். இதற்குச் சான்றிதழ்ச் சோதனையை நிறுத்தும் செட்டிங் ஒன்றை மாற்றச் சொல்லி இணையம் முழுக்க அறிவுரை கிடைக்கிறது. தயவுசெய்து அப்படியே விட்டுவிடாதீர்கள். அதை நிறுத்திவிட்டால், நடுவில் யார் உட்கார்ந்து எதை மாற்றிக் கொடுத்தாலும் உங்களுக்குத் தெரியாமல் போகலாம். நெட்வொர்க் பொறுப்பாளரிடம் நிறுவனத்தின் ரூட் சான்றிதழை வாங்கி விண்டோஸில் நிறுவுவதுதான் முறை. வி.எஸ். கோட் சிஸ்டத்தின் சான்றிதழ்களைத் தானே எடுத்துக்கொள்ளும்.

பழைய ஆய்வக மெஷின்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும், கடிகாரம். மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோய்த் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால் எல்லாச் சான்றிதழும் செல்லாததாகத் தெரியும். தேதியைச் சரிசெய்த உடனே எக்ஸ்டென்ஷன் இறங்கும்.

இணையமே கிடையாது என்றால் வேறொரு மெஷினில் அந்த எக்ஸ்டென்ஷனை 'விசிக்ஸ்' ஃபைலாக (எக்ஸ்டென்ஷனைப் பொதிந்து வைத்த ஒற்றை ஃபைல்) இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவரலாம். எக்ஸ்டென்ஷன் பட்டியலில் பெயர் மேல் வலது கிளிக் செய்தால் இறக்கும் வழி இருக்கும்; இந்தப் பக்கம் மூன்று புள்ளி மெனுவில் 'இன்ஸ்டால் ஃப்ரம் விசிக்ஸ்'. சி++ எக்ஸ்டென்ஷன் போன்றவை விண்டோஸுக்கு ஒன்று, லினக்ஸுக்கு ஒன்று, மேக்கின் புதிய சிப்புக்கு ஒன்று என்று தனித்தனியாக வரும். எந்த மெஷினில் ஏற்றப் போகிறீர்களோ அதற்கானதை இறக்குங்கள்.

## இன்ஸ்டால் பட்டனே இல்லை, அல்லது இந்தப் பதிப்புக்குப் பொருந்தாது என்கிறது

ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனும் தனக்கு வேண்டிய குறைந்தபட்ச வி.எஸ். கோட் பதிப்பைத் தன்னோடு எழுதி வைத்திருக்கும். எடிட்டரை அப்டேட் செய்யுங்கள். முடியாத நிலை என்றால் எக்ஸ்டென்ஷன் பெயரில் வலது கிளிக் செய்து 'இன்ஸ்டால் ஸ்பெசிஃபிக் வெர்ஷன்' வழியாகப் பழைய பதிப்பு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

நீங்கள் பயன்படுத்துவது வி.எஸ். கோடை அடிப்படையாகக் கொண்ட வேறு எடிட்டர்களான வி.எஸ். கோடியமோ கர்சரோ என்றால் விஷயம் வேறு. அவை மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்டென்ஷன் கடையான மார்க்கெட்பிளேஸைப் பயன்படுத்த உரிமம் இல்லாதவை. ஓப்பன் விஎஸ்எக்ஸ் என்ற பொதுக் களஞ்சியத்தை நம்பியிருப்பவை. பைத்தானுக்கான பைலான்ஸ், மைக்ரோசாஃப்ட்டின் சி++ எக்ஸ்டென்ஷன், தொலைவிலுள்ள சர்வரில் வேலை செய்ய உதவும் ரிமோட் எஸ்எஸ்எச் போன்றவை அங்கே கிடைக்காது. விசிக்ஸ் ஃபைலை வலிந்து ஏற்றினாலும் வேலை செய்யும் என்ற உறுதி இல்லை. சி++-க்கு கிளாங்டி போன்ற திறந்த மாற்றுகள் இருக்கின்றன, நன்றாகவும் இருக்கின்றன.

## எக்ஸ்டென்ஷன் ஏறிவிட்டது, ஆனால் எதுவும் நடக்கவில்லை

குழப்பம் அதிகம் வருவது இங்கேதான். எக்ஸ்டென்ஷனை எடுத்து எடுத்துப் போட்டு நேரத்தை வீணாக்குவதும் இங்கேதான். எக்ஸ்டென்ஷன் நன்றாகவே இருக்கும். அதை வேலை செய்ய விடாமல் வி.எஸ். கோட் நிறுத்தி வைத்திருக்கும்.

சன்னலின் கீழ்ப் பட்டையைப் பாருங்கள். 'ரெஸ்ட்ரிக்டட் மோட்' என்று எழுதியிருக்கிறதா? 2021-இல் வந்த ஏற்பாடு இது. புது ஃபோல்டரைத் திறக்கும்போது இதை எழுதியவர்களை நம்புகிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். படிக்காமல் 'நோ' கொடுத்திருப்பீர்கள். அதன் பிறகு அந்த ஃபோல்டரில் பல எக்ஸ்டென்ஷன்கள் முடங்கிக் கிடக்கும், டீபக் (பிழை தேடும் ஓட்டம்) ஓடாது. உங்கள் சொந்த ஃபோல்டர் என்றால் அந்த எழுத்தின் மேல் கிளிக் செய்து நம்பிக்கை கொடுத்துவிடுங்கள். எங்கிருந்தோ இறக்கிய ப்ராஜெக்ட் என்றால், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும்வரை அப்படியே இருக்கட்டும். ஃபோல்டருக்குள் ஒளித்து வைத்த கட்டளையை நீங்கள் அறியாமல் ஓட்டுவதைத் தடுக்கத்தான் அந்த ஏற்பாடே.

அடுத்தது ப்ரொஃபைல், அதாவது செட்டிங்ஸும் எக்ஸ்டென்ஷன்களும் சேர்ந்த ஒரு தொகுப்பு. எக்ஸ்டென்ஷன்கள் ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் தனித்தனி. நேற்றுப் போட்டது இன்று காணோம் என்றால் வேறு ப்ரொஃபைலில் இருக்கிறீர்களா என்று இடப்புறக் கீழ் மூலையிலுள்ள பல்சக்கர ஐகானில் பாருங்கள்.

மூன்றாவது, டபிள்யுஎஸ்எல் (விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ்), எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள சர்வரோடு இணைப்பு), கன்டெய்னர் (தனித்து ஓடும் சூழல்) பயன்படுத்துபவர்களுக்கு. இடது கீழ் மூலையில் உபுண்டு என்றோ சர்வர் பெயரோ தெரிகிறது என்றால், உங்கள் முன்னால் இருக்கும் சன்னல் விண்டோஸில் இருந்தாலும் வேலை நடப்பது அந்தப் பக்கம். தீம் போன்ற தோற்றத்துக்கான எக்ஸ்டென்ஷன்கள் இந்தப் பக்கம் இருந்தால் போதும். மொழிக்கான எக்ஸ்டென்ஷன் அந்தப் பக்கத்தில் ஏற வேண்டும். பட்டியலில் அதன் பெயருக்கு அருகில் 'இன்ஸ்டால் இன் டபிள்யுஎஸ்எல்' என்ற தனிப் பட்டன் இருக்கும். விண்டோஸில் நூறு முறை ஏற்றினாலும் உபுண்டுவுக்குள் பைத்தான் எக்ஸ்டென்ஷன் ஓடாது.

நான்காவது, ஃபோல்டருக்குப் பதில் ஒற்றை ஃபைலைத் திறப்பது. வலைப்பக்கத்தை பிரௌசரில் காட்டும் லைவ் சர்வர் எக்ஸ்டென்ஷனைப் போட்டபின் கீழே 'கோ லைவ்' பட்டன் வரவில்லை என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் எச்டிஎம்எல் ஃபைலை மட்டும் டபுள் கிளிக் செய்து திறந்திருப்பார்கள். ஃபைல் மெனுவில் 'ஓப்பன் ஃபோல்டர்' கொடுத்து முழு ஃபோல்டரையும் திறங்கள். பட்டன் வரும், 5500 என்ற போர்ட்டில் பக்கம் திறக்கும்.

கோடை ஒழுங்குபடுத்தும் ப்ரெட்டியர் எக்ஸ்டென்ஷனைப் போட்டும் சேவ் செய்யும்போது கோட் ஒழுங்காகவில்லை என்றால் இரண்டு செட்டிங் தேவை: 'ஃபார்மேட் ஆன் சேவ்' டிக் ஆக வேண்டும், 'டிஃபால்ட் ஃபார்மேட்டர்' என்பதில் ப்ரெட்டியர் தேர்வாக வேண்டும். ஒன்று மட்டும் போதாது.

## எக்ஸ்டென்ஷன் இருக்கிறது, ஆனால் ஜிசிசி தெரியவில்லை, பைத்தான் இல்லை என்கிறது

இது முதலில் சொன்ன நான்காவது இடம். ஜிசிசி என்பது சி, சி++ கம்பைலர். சி++ எக்ஸ்டென்ஷன் எழுத்துக்கு வண்ணம் கொடுக்கும், சொல்லை நிரப்பும், டீபக்கரோடு பேசும். கம்பைல் செய்யாது. கம்பைலர் அதற்குள் இல்லை. விண்டோஸில் எம்சிஸ்2 என்ற தொகுப்பை நிறுவி, அதற்குள் ஜிசிசி அடங்கிய மின்ஜிடபிள்யு கருவிகளை இறக்கி, பிறகு அந்த யுசிஆர்டி64 ஃபோல்டருக்குள் இருக்கும் 'பின்' ஃபோல்டரை நீங்களே பாத் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

சேர்த்த பிறகும் 'நாட் ரெகக்னைஸ்டு' என்றே வந்தால், முன்பு சொன்ன விஷயம்தான். உள்ளே இருக்கும் டெர்மினலை மட்டும் மூடித் திறந்தால் போதாது, ஏனென்றால் அந்த டெர்மினல் பாத்தைப் பெறுவது வி.எஸ். கோடிடமிருந்து, வி.எஸ். கோட் வைத்திருப்பதோ தான் தொடங்கியபோது இருந்த பட்டியல். எல்லாச் சன்னல்களையும் மூடிவிட்டுத் திறங்கள்.

கம்பைலர் கிடைத்துவிட்டது, ஆனால் 'வின்மெயின்' என்பதைக் காணோம் என்று ஒரு புரியாத பிழை வருகிறதா? கோடை மாற்றி எழுதாதீர்கள். ஃபைல் டேபில் குறுக்குக் குறிக்குப் பதில் ஒரு வட்டப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். சேவ் ஆகவில்லை என்று அர்த்தம். டிஸ்கில் இருப்பது வெற்று ஃபைல். அதில் மெயின் ஃபங்ஷன் இல்லை. கம்பைலர் அதைத்தான் தன் மொழியில் சொல்கிறது. கண்ட்ரோல் எஸ் அழுத்துங்கள்.

டர்போ சி++-இல் பழகிவிட்டு வருபவர்களுக்கு இன்னொரு சுவர் உண்டு. தலைப்பில் புள்ளி எச் வைத்த ஐஓஸ்ட்ரீம், கிளியர் ஸ்கிரீனுக்கான கட்டளை, வாய்ட் மெயின் ஆகியவை இன்றைய ஜி++-இல் (ஜிசிசியின் சி++ கம்பைலர்) செல்லாது. இது இன்ஸ்டாலேஷன் கோளாறே அல்ல. எக்ஸ்டென்ஷனைத் தொடாமல் கோடை இன்றைய சி++ வழக்கத்துக்கு மாற்றுங்கள். முடிந்தால் ஆய்வகக் கையேடுகளும் மாற வேண்டும். முதலாண்டு மாணவர் தன் மேல் பிழை என்று நினைத்துச் சோர்ந்துபோவது இதனால்தான்.

பைத்தானுக்கு வருவோம். பைத்தான் இல்லை, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து எடுத்துக்கொள் என்று டெர்மினல் சொன்னால், விண்டோஸ் வைத்திருக்கும் போலிக் குறுக்குவழி ஒன்று முந்திக்கொண்டு பதில் சொல்கிறது. விண்டோஸ் செட்டிங்ஸில் 'ஆப் எக்ஸிக்யூஷன் ஏலியஸஸ்' என்று தேடி, பைத்தான் பெயருள்ள இரண்டையும் அணைத்துவிடுங்கள். பைத்தான் இன்ஸ்டாலரை மறுபடி ஓட்டி, பாத்தில் சேர்க்கும் டிக்கையும் போடுங்கள்.

மாட்யூலை இறக்கியாகிவிட்டது, ஆனாலும் காணோம் என்கிறது என்றால், மெஷினில் இரண்டு பைத்தான் இருக்கிறது. மாட்யூலை இறக்கும் கருவியான பிப் ஒன்றில் இறக்கியது, ஓடுவது மற்றொன்றில். கமாண்ட் பேலட்டில் 'பைத்தான்: செலக்ட் இன்டர்ப்ரெட்டர்' கொடுத்து எந்தப் பைத்தான் தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். பல மொழிக் கோடையும் ஓட்டும் கோட் ரன்னர் எக்ஸ்டென்ஷனும் போட்டிருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: மேலே இருக்கும் முக்கோணப் பட்டனில் இப்போது இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள். பைத்தான் எக்ஸ்டென்ஷனின் ரன் நீங்கள் தேர்ந்தெடுத்த இன்டர்ப்ரெட்டரை ஓட்டும். கோட் ரன்னர் அதைப் பொருட்படுத்தாமல் பாத்தில் முதலில் கிடைப்பதை ஓட்டும். ஒரே ஃபைல் ஒரு பட்டனில் ஓடி மற்றொன்றில் ஓடாமல் போவது இதனால்தான். பட்டனின் அருகிலுள்ள சிறு அம்புக்குறியைத் திறந்து எது எது என்று பாருங்கள்.

கோட் ரன்னரில் வரும் இன்னொரு பிரபலமான பிழை, உள்ளீடு கேட்கும் நிரலில் எதையும் அடிக்க முடியாமல் 'ரீட் ஒன்லி எடிட்டர்' என்று மறுப்பது. அவுட்புட் பலகை காட்ட மட்டுமே தெரிந்தது, வாங்கத் தெரியாது. செட்டிங்ஸில் கோட் ரன்னரின் 'ரன் இன் டெர்மினல்' டிக்கைப் போடுங்கள். பக்கத்திலேயே, ஓட்டுவதற்கு முன் ஃபைலைச் சேவ் செய்யும் டிக்கும் இருக்கும்; அதையும் போட்டால் வின்மெயின் பிழையும் தீரும்.

'ரன் இன் டெர்மினல்' டிக் தமிழில் நிரல் எழுதுபவர்களுக்கும் உதவும். பைத்தானில் தமிழ் எழுத்தை அச்சிடச் சொன்னால் 'சார்மேப்' என்ற சொல்லோடு பிழை வந்து நிற்கும். டெர்மினலுக்கு நேராக எழுதும்போது பைத்தான் யூனிகோடிலேயே எழுதுகிறது. அவுட்புட் பலகைக்குப் போகும்போது அது குழாய் வழிப் போக்கு. அங்கே விண்டோஸின் பழைய குறியேற்றத்தை எடுத்துக்கொள்கிறது, அதில் தமிழுக்கு இடமே கிடையாது. டெர்மினலுக்கு மாறுங்கள், அல்லது பைத்தான்யுடிஎஃப்8 என்ற சூழல் மாறியை ஆங்கிலத்தில் எழுதி மதிப்பு 1 கொடுங்கள். டெர்மினலில் கொம்பும் காலும் தள்ளித் தள்ளித் தெரிந்தால் கவலை வேண்டாம். டெர்மினல் ஒவ்வொரு எழுத்தையும் கட்டத்துக்குள் அடைத்து வரைவதால் வரும் தோற்றப் பிழை அது. யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் ஃபைலில் எழுதிப் பார்த்தால் தமிழ் ஒழுங்காக இருக்கும். ஃபோல்டர் பெயரை மட்டும் தமிழில் வைக்காதீர்கள், குறிப்பாக சி++ டீபக் செய்ய வேண்டிய ஃபோல்டரை. மின்ஜிடபிள்யுவோடு வரும் ஜிடிபி என்ற டீபக்கர் அந்த வழியைப் படிக்கத் தடுமாறும். நம் மொழியில் பெயர் வைக்க முடியாதது வருத்தம்தான், ஆனால் இன்றைய நிலை அதுதான்.

விண்டோஸின் பவர்ஷெல் டெர்மினலில் விர்ச்சுவல் என்விரான்மென்டைத் (ஒரு ப்ராஜெக்ட்டுக்கென்று தனியான பைத்தான் அமைப்பு) தொடங்கும்போது ஸ்கிரிப்ட் ஓட்ட அனுமதி இல்லை என்று சிவப்பாக வந்தால், எக்ஸிக்யூஷன் பாலிசியை உங்கள் கணக்குக்கு மட்டும் 'ரிமோட் சைன்ட்' என்று மாற்றினால் போதும். மெஷின் முழுக்கத் திறந்துவிட வேண்டாம்.

## எடிட்டர் ஊர்கிறது, அல்லது எக்ஸ்டென்ஷன் ஹோஸ்ட் நின்றுவிட்டது என்கிறது

எக்ஸ்டென்ஷன்கள் எடிட்டருக்குள் ஓடுவதில்லை. எக்ஸ்டென்ஷன் ஹோஸ்ட் என்ற தனிப் ப்ராசஸில் எல்லாம் சேர்ந்து ஓடுகின்றன. ஒன்று கவிழ்ந்தால் எல்லாம் சேர்ந்து கவிழும். நீங்கள் அடித்த எழுத்து மட்டும் பத்திரமாக இருக்கும். எது கவிழ்த்தது என்பதுதான் கேள்வி.

கமாண்ட் பேலட்டில் 'ஷோ ரன்னிங் எக்ஸ்டென்ஷன்ஸ்' கொடுத்தால் ஒவ்வொன்றும் விழித்தெழ எத்தனை மில்லி செகண்ட் எடுத்தது என்று தெரியும். அதில் ஒன்று தனியாக நீட்டிக்கொண்டு நின்றால் வேலை முடிந்தது. தெரியவில்லை என்றால் 'ஸ்டார்ட் எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்' ஓட்டுங்கள். சீரியல் பல்பில் எது போனது என்று பாதி பாதியாகப் பிரித்துப் பார்ப்பது போல, அது பாதி எக்ஸ்டென்ஷன்களை நிறுத்திவிட்டுப் பிழை இன்னும் இருக்கிறதா என்று உங்களைக் கேட்கும். பதில் சொல்லச் சொல்ல மீதியைப் பாதியாக்கும். 30 எக்ஸ்டென்ஷன் இருந்தாலும் ஐந்து சுற்றில் குற்றவாளி கிடைத்துவிடும். வி.எஸ். கோடில் இவ்வளவு பயனுள்ள, இவ்வளவு குறைவாகத் தெரிந்த கட்டளை வேறொன்று இல்லை.

லினக்ஸில் பெரிய ஃபோல்டரைத் திறக்கும்போது ஃபைல் மாற்றங்களைக் கண்காணிக்க முடியவில்லை என்று செய்தி வந்தால், லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் ஒரு பயனருக்குக் கொடுக்கும் கண்காணிப்பு எண்ணிக்கை தீர்ந்துவிட்டது. பழைய கர்னல்களில் அது 8192 மட்டுமே. கர்னலின் அளவுகளை மாற்றும் சிஸ்கன்ட்ரோல் அமைப்பில் 524288 வரை உயர்த்தலாம். அதற்கு முன் நோட் மாட்யூல்ஸ் போன்ற ஃபோல்டர்களைக் கண்காணிப்பிலிருந்து விலக்கிப் பாருங்கள். பல சமயம் அதுவே போதும்.

## நேற்றுவரை இணைந்த சர்வர் இன்று மறுக்கிறது

சர்வர் உபுண்டு 18.04 அல்லது சென்ட்ஓஎஸ் 7 என்றால் காரணம், லினக்ஸ் நிரல்கள் நம்பியிருக்கும் அடிப்படை நூலகமான கிளிப்சி. 2024 தொடக்கத்தில் வந்த 1.86 முதல் ரிமோட் பக்கத்துக்கு கிளிப்சி 2.28 வேண்டும் என்றானது. எதிர்ப்பு வந்ததால் சிறிது காலம் எச்சரிக்கையோடு அனுமதித்தார்கள். 2025 மார்ச்சின் 1.99-இலிருந்து அதுவும் இல்லை. உபுண்டு 18.04-இல் இருப்பது 2.27, சென்ட்ஓஎஸ் 7-இல் 2.17. சர்வரை மேம்படுத்துவது தவிர நேர்வழி இல்லை. அதுவரை 1.98-ஐப் போட்டு ஆட்டோ அப்டேட்டை நிறுத்தி வைக்கலாம். சர்வரின் கிளிப்சியைத் தனியாக மாற்ற முயலாதீர்கள். சர்வரே எழுந்திருக்காமல் போகலாம்.

## எக்ஸ்டென்ஷன் தானாகவே காணாமல் போய்விட்டது

ஒரு எக்ஸ்டென்ஷனில் தீங்கு இருப்பதாக மார்க்கெட்பிளேஸ் முடிவு செய்தால், அதை உங்கள் மெஷினிலிருந்தும் வி.எஸ். கோட் நீக்கிவிடும். 2025 பிப்ரவரியில் பல லட்சம் பேர் வைத்திருந்த மெட்டீரியல் தீம் இப்படித்தான் ஒரே நாளில் மறைந்தது. பிறகு அது தவறான எச்சரிக்கை என்று ஒப்புக்கொண்டு, மன்னிப்பும் கேட்டுத் திரும்ப அனுமதித்தார்கள். ஆனால் எல்லா நீக்கமும் தவறாக இருக்காது. காரணம் தெரியும்வரை விசிக்ஸ் வழியாக அதைத் திரும்ப ஏற்றாதீர்கள். எக்ஸ்டென்ஷன் உங்கள் ஃபைல்களைப் படிக்கலாம், கட்டளை ஓட்டலாம். அதைத் தடுக்கும் வேலி உள்ளே கிடையாது. 2025 முதல் புதிய பதிப்பாளரின் எக்ஸ்டென்ஷனை ஏற்றும்போது அவரை நம்புகிறீர்களா என்று கேட்பதும் இதற்காகத்தான். அந்த இடத்தில் பதிப்பாளரின் பெயரை ஒரு முறை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். ஓர் எழுத்து மாறிய நகல்கள் உலவுகின்றன.

## எதுவும் பலிக்கவில்லை, முழுக்கத் துடைக்க வேண்டும்

முதலில் செட்டிங்ஸ் சிங்க் (செட்டிங்ஸையும் எக்ஸ்டென்ஷன்களையும் உங்கள் கணக்கில் சேமித்துத் திரும்ப இறக்கும் வசதி) ஓடுகிறதா என்று பார்த்து நிறுத்துங்கள். இல்லாவிட்டால் துடைத்த கையோடு அதே எக்ஸ்டென்ஷன்களும் அதே பிழையும் இறங்கி வரும். ப்ரொஃபைலை எக்ஸ்போர்ட் செய்து ஒரு ஃபைலாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வி.எஸ். கோடை மூடிவிட்டு, புள்ளி வைத்த ஃபோல்டரை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றித் திறந்து பாருங்கள். சரியானால் பிழை எக்ஸ்டென்ஷனில். ஆகவில்லை என்றால் ரோமிங்குக்குள் இருக்கும் கோட் ஃபோல்டரையும் அப்படியே செய்யுங்கள். மேக்கில் அது லைப்ரரியின் அப்ளிகேஷன் சப்போர்ட்டில், லினக்ஸில் ஹோம் ஃபோல்டரின் கான்ஃபிக்கில் இருக்கும். இரண்டுக்கும் பிறகும் பிழை நீடித்தால் மட்டுமே அன்இன்ஸ்டாலுக்கு அர்த்தம் உண்டு.

உதவி கேட்கப் போகிறீர்கள் என்றால் 'ஓடவில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். ஹெல்ப் மெனுவின் 'அபௌட்' பெட்டியில் இருக்கும் காப்பி பட்டன் பதிப்பு விவரம் முழுவதையும் எடுத்துத் தரும். அவுட்புட் பலகையின் வலது மூலைப் பட்டியலில் சம்பந்தப்பட்ட எக்ஸ்டென்ஷனைத் தேர்ந்தெடுத்து, பிழை வந்த வரியையும் அதற்கு முன்னால் உள்ள சில வரிகளையும் சேர்த்து ஒட்டுங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், எழுத்தாகவே கொடுங்கள். உதவ வருபவர் அதை அப்படியே தேடிப் பார்க்க முடியும். லாகில் உங்கள் பயனர் பெயர், சர்வர் முகவரி, சில சமயம் டோக்கன்கூட (பாஸ்வேர்ட் போன்ற ரகசியக் குறி) இருக்கும். ஒட்டுவதற்கு முன் அவற்றை அழித்துவிடுங்கள்.